கடைசியில் கண்

சிவகாசியில் லித்தோ அச்சு நடந்த காலத்தில் ஒரு லேபிளின் படத்தை ஒரே தடவையில் வரைந்துவிட முடியாது. மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், கறுப்புக்கு ஒரு கல். ஓவியர் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் மஞ்சள் எங்கெல்லாம் கலந்திருக்கிறது என்று வெறுங்கண்ணால் பிரிப்பார். அந்த மஞ்சளை மட்டும் எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லின்மேல் புள்ளி புள்ளியாக வைப்பார். கிளிப்பச்சைக்குள் மஞ்சள் இருக்கும், செந்தூரத்துக்குள்ளும் இருக்கும். அடுத்த கல்லில் சிவப்பு மட்டும். கல்லிலிருந்து நேராகத் தாளில் இறங்கும் படம் என்றால் இடம் வலம் மாற்றியே வரைய வேண்டும். கல்லில் வடக்கே பார்க்கும் மிருகம் தாளில் தெற்கே பார்க்கும். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரம் பட்ட மற்ற இடத்தில் ஒட்டாது. 1790களின் இறுதியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த இந்த முறை, கரிசல்காட்டில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்க வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கற்களில் ஒரு டிராகன் எப்படிப் பிறந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முதல் ஓட்டத்தில் தாளில் விழுவது மஞ்சள் திட்டுகள் மட்டும். அது மிருகமா, பூவா, சூரியனா என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு ஏறியதும் ஒரு வாயும் நாக்கும் தெரியும். நீலம் ஏறும்போது மஞ்சள்மேல் படிந்து உடம்பு பச்சையாகும். அப்போதும் அது ஆவி மாதிரி நிற்கும், பிடிமானம் இராது. பெரும்பாலும் கடைசியில் வரும் கறுப்புதான் செதிலையும் நகத்தையும் மீசையையும் கண்ணையும் கொண்டுவரும்.

இன்று ஒரு பிள்ளை டிராகன் வரையக் கற்றுக்கொள்வது கைப்பேசியில். முதலில் ஒரு வட்டம், பிறகு அதன் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், இரண்டையும் சேர்த்து ஒரு வளைகோடு, அப்புறம் முதுகு, அப்புறம் இறக்கை. ஒவ்வொரு படிக்கும் படத்தை நிறுத்தி, பார்த்து, போட்டு, மறுபடி ஓடவிடுகிறார்கள். ஓவியம் அறிந்த நண்பர்கள் சிலர் இதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். இது படைப்பு அல்ல, பார்த்து எழுதுவது என்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு இல்லை. படிப்படியாக வரைவது சோம்பேறியின் வழி என்றால், சிவகாசி இருக்கிற இந்த விருதுநகர் மாவட்டத்தின் கலை முழுவதும் சோம்பேறிகள் செய்தது என்றாகிவிடும். என் வருத்தம் வேறு. கைப்பேசி காட்டும் படிகள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. தன் ஊரிலேயே, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், வேறு படிகள் இருக்கின்றன என்பதும் தெரிவதில்லை.

டிராகன் சிவகாசிக்கு வந்தது வணிகத்தின் வழியே. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923இல் இங்கே தொழில் தொடங்கியதை எல்லாரும் அறிவார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். நெருப்பும் ஓவியமும் இந்த ஊரில் அப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன. அந்த முதல் தலைமுறை தன் சரக்குக்கு என்ன மார்க் வைத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அணில், காக்கா. பின்னால் பட்டாசுக்குச் சேவல். நெருப்பை விற்கப் போகிறவர்கள் நெருப்புக் கக்கும் மிருகத்தைத் தேடவில்லை. முற்றத்துக்கு வந்து போகிற, அரிசி போட்டால் கிட்ட வருகிற உயிர்களைத் தேர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் நின்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். அடுப்படிக்குள் போகிற பொருள் பயமுறுத்தக் கூடாது என்பதும் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டிராகன் சீனப் பட்டாசுக் கட்டுகளின்மேல் ஒட்டி வந்த மிருகம். இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் இந்தியச் சந்தையில் வெளிநாட்டு வெடிகள் விற்றன. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானது. போரில் இறக்குமதி தடைபட்டது. 1942இல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு வெடியின் இடத்தை உள்ளூர் வெடி பிடித்தபோது, வெளிநாட்டு லேபிளின் மிருகங்கள் சிலவும் இங்கேயே தங்கிவிட்டன. இன்றும் வானத்தில் போய் வெடிக்கும் சரக்குப் பெட்டிகளில் டிராகனைப் பார்க்கலாம். நான் பார்த்தவற்றில் விரல்களின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதில்லை. ஒரே டிராகனுக்கு முன்காலில் நாலும் பின்காலில் மூன்றும்கூட உண்டு. சீனத்தில் இது பெரிய விஷயம். ஐந்து விரல் டிராகன் பேரரசருக்கு உரியது. மற்றவர்கள் உடுப்பில் போட்டுக்கொண்டால் குற்றமாக இருந்த காலங்கள் உண்டு. ஜப்பானிய டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்று விரல். குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய சிவகாசியின் ஓவியர், இந்தச் சட்டம் எதுவும் தெரியாமல், கை போன போக்கில் விரல் வைத்தார். அரசனுக்குப் பயப்படாத டிராகன் அது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சீனத்து டிராகன் நெருப்பின் மிருகம் அல்ல. அது நீரின் மிருகம். ஆற்றிலும் கடலிலும் மேகத்திலும் வாழ்ந்து, மழையைக் கொண்டுவருவது. வறட்சியில் அதனிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். நெருப்புக் கக்குவதும் வௌவால் இறக்கை விரிப்பதும் ஐரோப்பியக் கதைகளின் டிராகன். பிள்ளைகள் கைப்பேசியில் கற்பது பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்த ஒன்றை. அது போகட்டும். மழை பொய்க்கிற, கண்மாய் பல வருஷம் நிரம்பாத, விவசாயம் கைவிட்டதால் ஜனங்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போன ஒரு பூமிக்கு மழைத் தெய்வத்தின் படம் வெடிக்கட்டின்மேல் ஒட்டி வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே பட்டாசு வேலைக்கு வெயில் வேண்டும். மருந்து காய வேண்டும், குழாய் காய வேண்டும், ஒட்டிய தாள் காய வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, நிலத்துக்காக மழை வேண்டும் என்றும் கூலிக்காக வேண்டாம் என்றும் இரண்டு மனசோடு பார்க்கிறாள். அவள் ஒட்டுகிற பெட்டியில் அந்த மழை மிருகம் நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கிறது.

வரையும் முறைக்கு வருவோம். 11ஆம் நூற்றாண்டில் குவோ ருவோஷு என்ற சீனர் ஓவியத்தைப் பற்றி எழுதிய நூலில் டிராகன் வரைவதற்கு இலக்கணம் இருக்கிறது. உடம்பை மூன்றாகப் பிரி: தலையிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து வால் வரை. பிறகு ஒன்பது ஒப்புமைகள். கொம்பு மானுடையது, தலை ஒட்டகத்துடையது, கழுத்து பாம்புடையது, வயிறு சிப்பியுடையது, செதில் மீனுடையது, நகம் கழுகுடையது, பாதம் புலியுடையது, காது மாட்டுடையது. கண்ணுக்கு மட்டும் இரண்டு பாடம் உண்டு. பேயின் கண் என்று ஒன்று, முயலின் கண் என்று இன்னொன்று.

இதைப் படித்தபோது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே இருக்கிற மலைதான் கண்முன் வந்தது. மான் அங்கே உண்டு, மிளா உண்டு. புலி உண்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கழுகும் பாம்பும் முயலும் உண்டு. கெண்டை கண்மாயில், மாடு தொழுவத்தில். ஒட்டகத்தை விட்டுவிட்டால் ஒரு டிராகனுக்கு வேண்டிய முக்கால்வாசிச் சாமான் விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. யாரும் பார்க்காத மிருகத்தை வரைய, பார்த்த மிருகங்களை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சீனர் சொல்லித்தரும் முதல் படி. கைப்பேசி வட்டத்தில் தொடங்குகிறது. அவர் மானில் தொடங்குகிறார்.

அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோது இது எனக்கு நன்றாக உறைத்தது. அவள் போட்ட டிராகனுக்குத் தலை வாய்த்திருந்தது, வால் வாய்த்திருந்தது. கால்கள் மட்டும் உடம்பில் ஒட்டாமல் காற்றில் நின்றன.

“மாமா, காலு எங்கிட்டு வரும்? அந்த வீடியோல டக்குனு போட்டுட்டாங்க.”

“வெளிய வா தாயி. வேலியில ஓணான் கெடக்கும்.”

வேலிக்கருவேல் குச்சியில் ஒன்று இருந்தது. பிள்ளைகள் கல்லெடுத்து அடிக்கிற சாதாரண ஓணான். கிட்ட இருந்து பார்த்தால் அதில் இல்லாதது எதுவும் டிராகனில் இல்லை. பிடரியிலிருந்து முதுகு நெடுக முள்வரிசை, முன்னால் உயர்ந்து, போகப் போகத் தேய்ந்து மறைகிறது. முழங்கை உடம்புக்கு வெளியே, பக்கவாட்டில் மடிகிறது. நாய்க்கும் மாட்டுக்கும் மடிகிற மாதிரி வயிற்றுக்குக் கீழே அல்ல. விரல்கள் சமநீளத்தில் இல்லை. பின்காலின் நான்காம் விரல் மட்டும் நீண்டு குச்சியைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. இணை தேடும் பருவத்து ஆண் அது. தலையும் தோளும் செங்கல் நிறத்துக்கு ஏறி, தொண்டை இரத்தம் கட்டினாற்போல் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முன்கால்களில் எழுந்து எழுந்து தலையை ஆட்டியது. அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். உள்ளே வந்து காலை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இந்தத் தடவை முழங்கை வெளியே போயிற்று, பாதம் தரையைப் பிடித்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை ஓணானை அடிக்கவில்லை.

செதிலுக்கும் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் வாலில் தொடங்கித் தலைக்கு வருவார்கள், பாதியில் கோடுகள் மோதிக் குழம்பிவிடும். நாட்டு ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடுகிற மாதிரி, மீனுக்கும் முன் செதில் பின் செதிலின் அடியை மூடுகிறது. ஆகவே தலைப்பக்கத்தில் தொடங்க வேண்டும். முன்னால் உள்ளதை முழுசாகப் போட்டுவிட்டு, பின்னால் வருவதை அதன் அடியில் செருக வேண்டும். அழிரப்பருக்கு வேலை இல்லை. சந்தைக்குப் போகும்போது ஒரு கெண்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாலே விளங்கிவிடும்.

நமக்குச் சீனத்து இலக்கணம்தான் உண்டா என்றால், இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் கிளியைப் பார்ப்பார்கள், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மண்டபத்துத் தூண்களில் முன்கால் தூக்கி எழுந்து நிற்கும் யாளிகளைப் பிள்ளைகளுக்கு யாரும் நிறுத்திக் காட்டுவதில்லை. சிங்க முகம், பிதுங்கிய கண், சுருள் சுருளாகப் பிடரி, யானைத் துதிக்கை. சங்கப் பாடல்களில் யானையைக் கொல்லும் ஆளியாகக் காட்டில் திரிந்த மிருகம், நாயக்கர் காலத்துத் தூண்களில் மண்டபத்தையே சுமக்கிறது. இன்னொன்று மகரம். முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் உடம்பு, மயில் தோகையாய் விரியும் வால். கோயில் தோரணத்தின் இரண்டு ஓரத்திலும் மகரங்கள் இருந்து வாயிலிருந்து கொடியை உமிழும். உச்சியில் யாளி முகம் அதை வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பூஜை அறையில் பித்தளைத் திருவாசி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை தேடுகிற மிருகம் அங்கே, அரை விரல் அளவில், தலைமுறை தலைமுறையாக விபூதி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நீரின் மிருகம்தான், வருணனின் வாகனம்.

சிற்பிகளுக்கு இதில் படிகள் உண்டு. தெய்வ உருவங்களுக்குத் தாளக் கணக்கு மிகக் கறார். உத்தம தசதாளம் என்றால் உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். இந்த அங்குலம் நம் அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவு. நடுவில் ஒரு நேர்கோடு இறக்கி, அதைப் பகுத்து, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று காவிக் கோடு போட்ட பிறகுதான் உளி. யாளிக்கோ தூண்தான் முதல் அளவு. கல் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு அது எழ வேண்டும், எழுந்து உத்தரத்தைத் தாங்குவதாகக் கண்ணுக்குப் பட வேண்டும். ஆகவே அதை வரைகிறவர் முதலில் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கிறார். பின்கால், இடுப்பு, வளைந்த முதுகு, தூக்கிய தலை என்று அந்தப் பாரம் ஓடும் வழியைப் போட்டுவிட்டால் மிச்சம் எல்லாம் அலங்காரம். கைப்பேசிப் பாடங்களில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். அவை வெளிக்கோட்டைக் கற்றுத்தருகின்றன. பாரத்தைக் கற்றுத்தருவதில்லை. அவற்றின் டிராகன்கள் எல்லாம் எடை இல்லாதவை.

பார்த்து எழுதுவதைப் பற்றி முகம் சுளிப்பவர்களுக்குக் கோவில்பட்டியை நினைவூட்ட வேண்டும். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் பக்கத்தில் சில காலம் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர்கள் சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், மீனாட்சிசுந்தரம் முதலானோர். இவர்கள் எழுதிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, நாடெங்கும் சுவரில் காலண்டராகத் தொங்கின. அந்தப் பட்டறையில் படிப்பு என்பதே குருவின் கோட்டைத் தொடர்ந்து போவதுதான். குரு உருவத்தை நிறுத்துவார், சீடர் நிறம் ஏற்றுவார். சீடர் மேகம் எழுதுவார், குரு முகம் தொடுவார். குருவும் சீடரும் சேர்ந்து ஒரே படத்தில் கையெழுத்திட்டதும் உண்டு. பல ஆண்டுகள் இப்படிப் போன பிறகு ஒவ்வொருவர் கையும் தனியாகத் தெரிந்தது. கஜ்ரி ஜெயின் 2007இல் எழுதிய நூல் இந்தக் காலண்டர் கலையை உலக அளவில் ஆய்வுப் பொருளாக்கியது. நம் சிறுபத்திரிகைகளிலோ வெகுகாலம் ‘காலண்டர் படம்’ என்பது வசவாகவே இருந்தது. அந்த வசவு நியாயமற்றது. சட்டைப்பையில் காசில்லாத வீட்டுச் சுவருக்கும் ஒரு ஓவியம் போய்ச் சேர்ந்தது இவர்களால்தான்.

இனி நெருப்பு. டிராகன் வரையும் பிள்ளைகள் எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும் படி அதுதான். வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் நாலு நாக்கு போட்டு முடித்துவிடுகிறார்கள். நெருப்பில் பிழைக்கிற மாவட்டத்துப் பிள்ளை அப்படிப் போடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஒரு தீக்குச்சியைக் கிழித்து, சுடர் நிதானித்த பிறகு பாருங்கள். குச்சியை ஒட்டி அடியில் நீலம், அதற்கு மேல் ஒரு இருட்டு, அந்த இருட்டைச் சுற்றித்தான் மஞ்சள். நெருப்புக்குள் இருட்டு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையின் படத்தில் நெருப்பு சுடும். வானத்து நெருப்புக்கு நிறம் உப்புகளால் வருவது. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், செம்பு நீலம், பேரியம் பச்சை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளையும், தொடுத்துக் கட்டும் சரவெடியையும் தடைசெய்தது. அதில் சிவகாசி பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. பச்சை டிராகனைத் தாளில் போடுவது எளிது. வானத்தில் போடுவதுதான் வழக்காகிவிட்டது.

தரையில் தானே வரைந்துகொள்ளும் டிராகன் ஒன்றும் இங்கே உண்டு. பாம்பு மாத்திரை. கறுப்பாக, சுண்டுவிரல் நகத்தளவு. பற்றவைத்தால் முதலில் சிணுங்கும், பிறகு ஓரத்தில் ஒரு மொட்டுக் கட்டும். மொட்டு நீண்டு, தன் எடை தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் வளைந்து, அந்த வளைவிலிருந்து அடுத்த வளைவு பிறக்கும். டிராகனின் உடம்பு எப்படிப் போக வேண்டும் என்று எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஒரு வளைவு முடிந்து இன்னொன்று தொடங்குவதில்லை, ஒன்றின் சாய்வே இன்னொன்றின் தொடக்கம். தொட்டால் உதிர்ந்துவிடும். சிமெண்ட் வாசலில் கறுப்பு வட்டம் மட்டும் பொங்கல் வெள்ளையடிப்பு வரை கிடக்கும். இதன் புகையை மட்டும் குழந்தைகள் முகத்தருகே விடாதீர்கள். 2016இல் புனேயில் சில வகைப் பட்டாசுகளை ஒப்பிட்டு அளந்தபோது, மிக அதிக நுண்துகள் வந்தது சரவெடியிலிருந்து அல்ல, இந்தச் சின்ன மாத்திரையிலிருந்து.

நெருப்பை வரைவதில் எனக்குள்ள பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம். இரண்டுக்கும் முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்கள். மருந்து கலக்கும்போதோ இடிக்கும்போதோ உராய்வில் ஒரு பொறி, அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு வகுப்பறையிலும் நெருப்பு என்றால் என்னவென்று வீட்டில் தெரிந்துகொண்ட பிள்ளை ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் போய் “வாயிலிருந்து நெருப்பு வருவது மாதிரி போடு” என்று ஓவிய ஆசிரியர் சொல்லும்போது, அது விளையாட்டு வார்த்தை அல்ல என்று அவர் அறிந்திருக்க வேண்டும். பிள்ளை மழை வருவது மாதிரி போட்டால், அதுவும் டிராகன்தான் என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் போட்டாக வேண்டும் என்பதும் இல்லை. 1244இல் சென் ரோங் வரைந்த ஒன்பது டிராகன்களின் நீண்ட சுருள் இன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பல டிராகன்களின் உடம்பை மேகமும் நீரும் விழுங்கியிருக்கின்றன. ஓரிடத்தில் நகம், ஓரிடத்தில் முதுகு, ஓரிடத்தில் பாறையைப் பற்றிய பாதம். மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்கிறது. எங்கே வரையாமல் விடுவது என்பதும் ஒரு படி. அதை ஓடும் படத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கையைப் பிடிக்க வேண்டும்.

கடைசிப் படி கண். ஆறாம் நூற்றாண்டில் லியாங் அரசில் வாழ்ந்த சாங் செங்யூ, ஒரு கோயில் சுவரில் நாலு வெள்ளை டிராகன்களை எழுதிவிட்டுக் கண் வைக்காமல் விட்டார். கண் வைத்தால் பறந்துவிடும் என்றார். யாரும் நம்பவில்லை. வற்புறுத்தலுக்காக இரண்டுக்கு மட்டும் கண் வைத்தார். இடி இறங்கிச் சுவர் பிளந்தது, இரண்டும் மேகமேறிப் போயின, கண் இல்லாத இரண்டும் சுவரிலேயே இருந்தன என்று ஒன்பதாம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்கிறது. நம் ஸ்தபதிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் வியக்க மாட்டார்கள். சிலைக்குக் கண் திறப்பது அவர்களுக்கும் கடைசி வேலை. தங்க ஊசியால் கோடு இழுத்து, சின்ன உளியால் தொட்டு, திறந்த கண்ணுக்கு முதலில் கண்ணாடியும் பசுவும் கன்றும் தானியமும் காட்டுவார்கள். சிவகாசி லித்தோக் கல்லில் கறுப்பு கடைசியில் வந்தது சாஸ்திரத்துக்காக அல்ல, வெளிர் நிறத்தின்மேல்தான் அடர்நிறம் உட்காரும் என்ற தொழில் கணக்குக்காக. மூன்று இடத்திலும் கண்ணுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகள் முதலில் கண்ணைத்தான் போடுவாள், எல்லாப் பிள்ளைகளையும் போல. கடைசியில் போடச் சொன்னேன். கண் இல்லாத உடம்பை முழுக்க வரைந்து முடிக்கும் வரை அவளுக்குப் பொறுமை இல்லை, ஆனால் செய்தாள். பென்சிலைக் கூர்மையாகச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்த அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருந்த கவனத்தை நான் எந்தக் கைப்பேசிப் பாடத்திலும் கண்டதில்லை.

லித்தோக் கற்களில் இருந்த டிராகன்களும் சேவல்களும் குழந்தைகளும் இன்று இல்லை. ஒரு வேலை முடிந்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்து, படத்தை அழித்து, அடுத்த படத்துக்குத் தயார் செய்வதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். ஆப்செட் வந்து கல்லே போயிற்று. மிஞ்சியது தாளில் அச்சான லேபிள்கள் மட்டும். அவற்றில் கம்பெனியின் பெயர் இருக்கும், சில சமயம் அச்சகத்தின் பெயரும் இருக்கும், வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. அந்த ஓவியர்களோடு வேலை பார்த்தவர்கள், அவர்களின் மகன்கள், மகள்கள் சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பழைய லேபிள் கட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வரைந்தது யார் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், இன்றைக்கே கேட்டு, அந்த லேபிளின் பின்பக்கம் பென்சிலால் பெயரை எழுதி வையுங்கள். ஓவிய ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளைகள் டிராகன் கேட்டால் அவர்களை ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தூண்களுக்கு முன்னால் காகிதத்தோடு உட்கார வையுங்கள்.